பந்து வராத பக்கம்

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த குமாரதாஸ், அந்தத் தோட்டத்துக் கால்பந்து அணிக்கு இடது பேக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் நின்றான். நின்றான் என்றுதான் சொல்ல முடியும். முதல் இரண்டு வருஷம்தான் அவன் ஆடினான். அதற்கப்புறம் அவனை ஆடவும் விடவில்லை, களத்தை விட்டுப் போகவும் விடவில்லை. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் கிடையாது. எல்லோரும் நல்லவர்கள்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

பேக் என்றால் கோலிக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிக்கிறவன். அந்தக் காலத்தில் அதற்கு ஆள் எடுப்பது சந்தையில் காளை பிடிப்பது போலத்தான். தோள் அகலம் பார்ப்பார்கள், தொடை கனம் பார்ப்பார்கள். குமாரதாஸுக்கோ காற்றடித்தால் பறக்கிற உடம்பு. பழைய பேக் மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டதால், தோட்டத்துக் கிளார்க்கும் அணித்தலைவருமான ஏசுஅடிமை வேறு வழியில்லாமல் அவனை இறக்கினார். அன்றைக்கு எதிரணிக்காரன் ஒருத்தனும் அவனைத் தாண்டவில்லை, ஒருத்தனும் கீழே விழவும் இல்லை. மற்ற பேக்குகள் பந்து போனாலும் போகட்டும், ஆள் போகக் கூடாது என்று கணுக்காலில் போடுவார்கள். இவன் ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். விடியற்காலையில், வழுக்குகிற சரிவில், வாளி நிறைய ரப்பர் பாலோடு இறங்கிப் பழகிய வெறுங்கால். எங்கே ஊன்ற வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

பந்தை ஓங்கி உதைப்பதில் அவனுக்குப் பெரிய ஆசை இல்லை. எதிரில் ஒருத்தன் பந்தோடு வர வேண்டும், அதுதான் ஆட்டம். வருகிறவனின் இடுப்பைப் பார்த்தபடியே இவன் பின்வாங்கிப் போவான். ஓரிடத்தில் வருகிறவனுக்கு, இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் குமாரதாஸ் வாரம் முழுக்கக் காத்திருந்தான். மரத்தில் கத்தி வைத்துச் சிரட்டையைப் பொருத்தும்போதும் அதையே நினைத்துத் தனக்குத் தானே சிரித்துக்கொள்வான். பக்கத்து மரத்தில் வெட்டுகிறவர்கள் இவனுக்கு எங்கேயோ பெண் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

ஆனால் அவன் சுடலையாண்டி ஆசானின் மகன். வினை அங்கேதான் இருந்தது.

ஆசான் வர்மம் அறிந்தவர். உடம்பில் எந்த இடத்தில் விரலை வைத்தால் ஆள் சாய்வான், எந்த இடத்தில் தட்டினால் சாய்ந்தவன் எழுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பனையிலிருந்து விழுந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் அவர் வாசலில் வரிசையாகக் கிடப்பார்கள். அப்படிப்பட்டவர் தன் ஒரே மகனுக்கு ஓர் எழுத்துகூடச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவதற்கு முன்னால் சீடனின் பொறுமையைச் சோதிப்பது அவர் வழக்கம். பகவதியப்பன் என்ற இன்னொரு சீடனை ஏவி, செத்துப்போன அம்மையைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையை மகன் காதுபடச் சொல்ல வைத்தார். குமாரதாஸ் கையில் அகப்பட்ட விறகுக்கட்டையை எறிந்தான். பகவதியப்பனின் நெற்றி பிளந்தது. ஆசான் காயத்தைக் கட்டிவிட்டு மகனிடம் வந்தார்.

"கோவம் வந்தா உனக்க கை முந்துது மக்கா. இது உனக்கு வேண்டாம்."

அதோடு சரி. மகன் தேறவில்லை என்பதை ஆசான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. எந்த அப்பன் சொல்லுவான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு குமாரதாஸும் சொல்லவில்லை. களத்தில் எதிரணிக்காரர்கள், "பைய போ லே, அவன் ஆசானுக்க மவனாக்கும்" என்று கேலி பேசும்போது வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டு நிற்பான். மறுத்திருக்கலாம். இருபது வயசில், நம்மைப் பார்த்து நாலு பேர் ஒதுங்குவது கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கும்.

1927ஆம் வருஷம், ஆடி அமாவாசை. குழித்துறையில் வாவுபலிக்கு ஆறு கொள்ளாத கூட்டம். இறந்தவர்களுக்குப் பலி போட வந்தவர்களும், பலாக்கன்றும் மண்வெட்டிப் பிடியும் வாங்க வந்தவர்களும் மத்தியானத்துக்கு மேல் மைதானத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். தோட்டத்து அணிக்கும் குளச்சல் அணிக்கும் ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் திருவனந்தபுரம் போய் ஆடலாம். குளச்சல் அணியில் கோல் போட முன்னால் ஓடுகிற பார்வேடாக ஜலாலுதீன் என்று ஒருத்தன் இருந்தான். கடற்கரை மணலில் மீன்கூடையோடு ஓடிப் பழகியவன், கெட்டித் தரையில் விட்டால் பிடிக்க முடியாது. அவன் ஓட்டத்தைப் பார்த்ததும் குமாரதாஸ் உள்ளுக்குள் பூரித்துப்போனான். இப்படி ஒருத்தன் வரமாட்டானா என்றுதானே இருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. ஜலாலுதீன் நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நேரே இவனைப் பார்த்து வந்தான். குமாரதாஸ் பின்வாங்கினான். ஓரிடத்தில் அந்தத் தடுமாற்றம் வந்தது, இவன் காலை நீட்டினான், பந்து இவனிடம் இருந்தது. ஜலாலுதீன் தன் வேகத்திலேயே மேலும் ஓடி, ஈர மண்ணில் வழுக்கி, மல்லாந்து விழுந்தான். முதுகு தரையில் அறைந்த சத்தம் எல்லையில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது, நெஞ்சு அசையவில்லை.

கூட்டத்தில் யாரோ ஒருத்தன் சொன்னான்: "வர்மம் ஏறிட்டு."

அப்புறம் எல்லோருமே சொன்னார்கள். ஏறிய வர்மத்தை, அடித்தவன் கையாலேயே இளக்க வேண்டும், நேரம் தப்பினால் ஆள் கிடைக்க மாட்டான் என்று சந்தைக்கு வந்தவர்களெல்லாம் ஆசான்களாகிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்களே தவிர, கிடப்பவனின் தலைமாட்டில் உட்கார ஒருத்தனும் இல்லை.

"நான் ஆளத் தொடவே இல்ல. பந்தத்தான் எடுத்தேன்" என்றான் குமாரதாஸ்.

ஏசுஅடிமை கிட்டே வந்து, அவன் காதோடு பேசினார். "செய்தது செய்தாச்சு. எறக்கி விடுலே. உயிராக்கும்."

"எனக்கு அறியாது அண்ணே."

"எனக்கிட்டயுமா ஒளிக்க?"

இரண்டு வருஷம் கூட நின்று ஆடியவர். இவன் யாரையும் முழங்கை கொண்டுகூட இடித்ததில்லை என்று பார்த்தவர். 

அதற்குள் ஜலாலுதீனின் உம்மா சைனப் பீவி வந்துவிட்டாள். குளச்சலிலிருந்து சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்த கைம்பெண். மகன் ஆடுவதைப் பார்க்க ஓரமாக நின்றவள். அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. குமாரதாஸின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இவன் ஒருத்தன்தான் மக்கா. நீ மனசு வச்சா நடக்கும். உனக்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

திட்டியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். கோபம் வந்து கையை உதறிவிட்டுப் போயிருப்பான். வைத்தியர் வருகிறவரைக்கும் இந்தத் தாய்க்கு ஓர் ஆறுதல் இருக்கட்டும் என்று நினைத்தான். அந்த நினைப்புதான் அவனைக் கொன்றது. சின்ன வயசில் அப்பா செய்வதை வாசலில் நின்று பார்த்ததுண்டு. அதே மாதிரி ஜலாலுதீனைத் தூக்கி உட்கார வைத்து, முழங்காலை அவன் முதுகுக்கு அண்டைகொடுத்து, பிடரியை நீவி, இரண்டு தோளுக்கும் நடுவே உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். ஜலாலுதீன் இருமினான், மூச்சை இழுத்தான், "வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டான்.

விழுந்த அதிர்ச்சியில் அடைத்த மூச்சு, உட்கார வைத்ததும் திரும்பிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஆசான் மகன் எழுப்பினான் என்பதை ஊர் முழுக்கக் கண்ணால் பார்த்தது. எழுப்பத் தெரிந்தவனுக்கு அடிக்கத் தெரியாதா. கூட்டம் மெதுவாகப் பின்னால் நகர்ந்து அவனுக்கு வழிவிட்டது. அவன் நடந்த இடத்தில் ஒருத்தன் தோளும் அவன்மேல் படவில்லை.

ஆட்டத்தில் தோட்டம்தான் ஜெயித்தது. ஆனால், அந்த வர்மக்காரன் இறங்கினால் நாங்கள் இறங்க மாட்டோம் என்று திருவனந்தபுரத்து அணியிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஏசுஅடிமை இவனை விட்டுவிட்டுப் போனார், தோற்றுத் திரும்பினார். திரும்பி வரும் வழியில் அவருக்கு வேறொரு புத்தி உதித்தது. அக்கம்பக்கத்து அணிகளுக்கு தோட்டத்து அணியை விட்டால் ஆட வேறு நல்ல அணி கிடையாது, அதனால் இவன் இறங்கினாலும் மாட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். இவன் இடது பக்கம் சும்மா நின்றால் போதும், அந்தப் பக்கம் எவனும் வர மாட்டான்.

அப்படியே நடந்தது. அதற்கப்புறம் குமாரதாஸின் எதிரில் யாரும் பந்தோடு வரவில்லை. நடுவிலிருந்து பந்து கிளம்பும், இவன் கால் தன்னையறியாமல் தயாராகும், வருகிறவன் இவன் முகத்தைப் பார்த்ததும் வலது பக்கம் தட்டிவிட்டு ஓடிவிடுவான். எதிரணியின் ஓட்டம் எல்லாம் வலது பேக் யோவான் தலையில் விழுந்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "நீ ராசா மாதிரி நிக்க, நான் நாயா ஓடுகேன்" என்று எரிந்து விழுவான். தன் பக்கத்துப் புல் மட்டும் வளர்ந்துகொண்டே போவதைக் குமாரதாஸ் பார்த்துக்கொண்டு நின்றான். அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. கோப்பையோடு தோளில் தூக்கிப்போகும் வரிசையில் அவனையும் தூக்க வருவார்கள், கடைசி நிமிஷத்தில் தயங்கி விட்டுவிடுவார்கள்.

விட்டுத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய்த் தோட்டத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குமாரதாஸை அனுப்பவில்லை. துரைக்குக் கோப்பை வேண்டியிருந்தது. பந்தை விட்டால் பால் வெட்டும் போய்விடும் என்று ஏசுஅடிமை அன்பாகவே எடுத்துச் சொன்னார்.

ஒருநாள் அவன் துணிந்து பகவதியப்பனைத் தேடிப் போனான். ஆசானின் இடத்தில் இப்போது பகவதியப்பன்தான் இருந்தான். நெற்றித் தழும்பு அப்படியே இருந்தது. தனக்கு வித்தை தரவில்லை என்று அறிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

"நீ நாலு பேர் கேக்கச் சொல்லணும். எனக்கு ஒண்ணும் அறியாதுண்ணு."

பகவதியப்பன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான். "சொல்லதுக்கு எனக்கு மடி இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சியா? வர்மம் படிச்சவன் எவனும் படிச்சேன்னு சொல்லக் கூடாதுண்ணாக்கும் சத்தியம். கேட்டா அறியாதுண்ணுதான் சொல்லணும். அது ஊருக்கே தெரியும். நீ அறியாதுண்ணு சொல்லச் சொல்லத்தான் அவங்களுக்கு உறுதியாவுது. நானும் வந்து சொன்னா பின்ன சந்தேகமே இல்லாமப் போவும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. பழைய கோபம் அதில் கொஞ்சம் இருந்ததா என்று குமாரதாஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வரும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதான்.

இதற்கெல்லாம் மேலே சைனப் பீவியின் நன்றி. ஜலாலுதீன் பந்தை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். உம்மா மட்டும் ஒவ்வொரு ஆடியிலும் குளச்சலிலிருந்து நெய்மீன் கருவாட்டுப் பொதியோடு அவன் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு வருவாள். "எனக்க மொவன எழுப்பித் தந்த கையாக்கும்" என்று அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொள்வார்கள். ஊரில் பயமில்லாமல் அவனைத் தொட்டவள் அவள் ஒருத்திதான், அவள் தொடத் தொட அவன்மேல் விழுந்த பழி கெட்டிப்பட்டது. கருவாட்டை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

முப்பதை நெருங்கியும் பெண் கொடுக்க ஆளில்லை. கடைசியில் திருவட்டாற்றுப் பக்கம் தாய்தகப்பன் இல்லாத பகவதியம்மாளைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான முதல் வாரத்திலேயே அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். விறகுக்கட்டையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா எனக்கு மதி, வேற சாட்சி வேண்டாம். ஊரு கெடந்து சாவட்டும்" என்றாள். அவளுக்கு அது சாதாரண வார்த்தை. அவனுக்கு அன்றைக்குத்தான் பல வருஷத்துக்கு அப்புறம் சோறு ருசித்தது. அடுத்த வருஷம் ஒரு பெண்குழந்தை பிறந்தது. லயத்தில் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

1936இல் குலசேகரம் மைதானத்தில் நாகர்கோவில் அணியோடு ஓர் ஆட்டம். அவர்கள் அணிக்குப் புதிதாகச் சுந்தரராஜ் என்று ஒரு பார்வேடு வந்திருந்தான். மதுரையில் படித்துவிட்டு அந்த மாதம்தான் ஊர் திரும்பியவன். அவனிடம் யாரும் எதையும் சொல்ல நேரமிருக்கவில்லை போலிருக்கிறது. முதல் பந்து கிடைத்ததும் நேரே குமாரதாஸைப் பார்த்து ஓடிவந்தான்.

குமாரதாஸுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் கால் தானாகப் பின்வாங்கியது. இடுப்பைப் பார்த்தான். அந்தத் தடுமாற்றம் வந்தது. காலை நீட்டி எடுத்தான். சுந்தரராஜ் திரும்பிப் பார்த்து, "கொள்ளாமே அண்ணன்" என்று பாராட்டிச் சிரித்தான். மறுபடியும் வந்தான். மறுபடியும் எடுத்தான். ஒருதடவை சுந்தரராஜ் அவனைத் தாண்டியே போய்விட்டான். தாண்டிப் போனவன் முதுகைப் பார்த்து குமாரதாஸ் வாய்விட்டுச் சிரித்தான். ஒன்பது வருஷத்தில் தோற்பதற்குக்கூட அவனுக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை.

இடைவேளையில் நாகர்கோவில்காரர்கள் சுந்தரராஜைச் சுற்றி நின்று பேசுவது தெரிந்தது. அவன் இந்தப் பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்தான். குமாரதாஸ் முகத்தைத் தாழ்த்திக்கொண்டான். என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுபாதியில் பந்து சுந்தரராஜிடம் போயிற்று. பழக்கத்தில் நாலைந்து அடி இவன் பக்கமாக வந்துவிட்டான். வந்த பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று நினைவு வந்தது. பந்து அவன் காலிலிருந்து உருண்டு தனியாகப் போனது. குமாரதாஸ், வா, வா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தான். சுந்தரராஜின் முகம் வெளுத்தது, முழங்கால் மடிந்தது, நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வண்டி போகிற இடைவெளி இருந்தது.

"பாத்தீங்களா, நான் தொடல்ல" என்று குமாரதாஸ் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிச் சொன்னான். "எல்லாரும் பாத்தீங்கல்லா. தொடவே இல்ல." இந்தத் தடவை சாட்சிக்கு மைதானமே இருக்கிறது என்று பாவி மகன் நினைத்தான்.

மைதானம் பார்க்கத்தான் செய்தது. வரப்பில் நின்ற ஒருத்தன் பயபக்தியோடு சொன்னான்: "நோக்கு வர்மம். அப்பனுக்கும் மேல போயிட்டான். கண்ணாலயே சாய்ச்சிட்டான்."

யோவானும் ஏசுஅடிமையும் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எறக்கி விடு என்று சொல்லக்கூட இப்போது யாரும் கிட்டே வரவில்லை. குமாரதாஸ் தானாகப் போய்ச் சுந்தரராஜைத் தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகைத் தட்டினான். அவன் கண்ணைத் திறந்தான். திறந்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

குமாரதாஸ் ஆட்டம் முடிவதற்குள்ளேயே வீட்டைப் பார்த்து நடந்தான். அவனுக்கு முன்னால் செய்தி ஓடிப்போயிருந்தது. லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அவன் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. பகவதியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பில் கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துக் குழந்தை கையை நீட்டியது.

 அவள் முகத்தில் கோபமில்லை. குழந்தையை அவனிடம் கொடுக்க எழுந்து வந்தாள். கிட்டே வந்ததும் ஒரு நொடி நின்று, வருத்தத்தோடு, தணிந்த குரலில் சொன்னாள்.

"பிள்ளைக்க மொகத்த நேரா பாக்காதீங்க, கேட்டியளா."

குமாரதாஸ் அவளைப் பார்க்கப் போனவன், பாதியிலேயே பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பியபடியே கையை நீட்டிக் குழந்தையை வாங்கினான். அது அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பப் பார்த்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.